அனுப்பல்–பெறல் தடமாற்றம்: வானொலிப் பெருக்கிக்கான ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்காக இயக்கும் அமெச்சூர் வானொலி நிலையத்தின் ஆற்றல் பெருக்கியில், ஆண்டெனாவை அனுப்பும் நிலைக்கும் பெறும் நிலைக்கும் மாறி மாறி இணைக்கும் அமைப்பை நமது கலைச்சொல் அகராதி வரைவில் எப்படி அழைப்பது என்ற இந்த இழையில், ‘அலைபரப்பு–ஏற்பு ஆளி’, ‘இருநிலைச் சொடுக்கி’, ‘வழிமாற்றி’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் ‘அனுப்பல்–பெறல் தடமாற்றம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் உண்மையில் நடப்பதைச் சொல்லாமல் இந்தப் பரிந்துரைக்கு நியாயம் காட்ட முடியாது என்பதால் மடல் சற்று நீளும்.

சுமார் 100 வாட் தரும் ஒரு அனுப்பு–பெறு கருவியையும் அதை 1500 வாட்டுக்கு உயர்த்தும் ஒரு பெருக்கியையும் எடுத்துக்கொள்வோம். பெறும்போது, ஆண்டெனாவிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை பெருக்கியைத் தொடாமல் கடந்து கருவியை அடைய வேண்டும். அனுப்பும்போது, கருவியின் வெளியீடு பெருக்கியின் உள்ளீட்டுக்கும், பெருக்கியின் வெளியீடு ஆண்டெனாவுக்கும் போக வேண்டும். ஆகவே உள்ளீட்டுப் பக்கம் ஒன்று, வெளியீட்டுப் பக்கம் ஒன்று என இரண்டு இணைப்புகள் மாறுகின்றன. இவற்றோடு மூன்றாவதாக, பெருக்கும் குழாய் அல்லது டிரான்சிஸ்டரின் சார்பு மின்னழுத்தமும் (அந்த உறுப்பு மின்னோட்டத்தைக் கடத்துமா என்பதைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) மாற்றப்படுகிறது. பெறும் நிலையில் அந்தக் குழாயோ டிரான்சிஸ்டரோ மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டிருந்தால் வீணாக வெப்பம் உண்டாவது மட்டுமல்லாமல், அதன் இரைச்சல் கசிந்து நாம் கேட்க விரும்பும் மெல்லிய நிலையத்தையே மூழ்கடித்துவிடும்.

‘ஆளி’, ‘சொடுக்கி’ ஆகிய இரண்டையும் நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம். அவை நல்ல சொற்கள்தாம். விளக்கை ஏற்றி அணைக்கும் கருவிக்குப் பொருத்தமாக நிலைத்துவிட்டவை. ஆனால் அவை ஒரு தொடுமுனை மூடுவதையும் திறப்பதையும் மட்டுமே சொல்கின்றன. இங்கே நடப்பது மூன்று செயல்கள். அவையும் ஒரே நேரத்தில் அல்ல, கட்டாயமான ஒரு வரிசையில். முதலில் வெளியீட்டு இணைப்பு ஆண்டெனாவில் அமர வேண்டும். அடுத்து உள்ளீட்டு இணைப்பு மாற வேண்டும். பிறகு சார்பு மின்னழுத்தம் வர வேண்டும். இவை முடிந்த பின்னரே கருவியிலிருந்து ஆற்றல் வரலாம். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக நடக்க வேண்டும்: ஆற்றல் முதலில் நிற்க, வெளியீட்டு இணைப்பு கடைசியாக விடுபட வேண்டும். தொடங்கும் வரிசையைக் கவனமாக வடிவமைப்பவர்களில் பலர் முடியும் வரிசையைக் கவனிப்பதில்லை. தொடுமுனைகளில் பாதிச் சேதம் அங்கேதான் நிகழக்கூடும் என்பதால், நாம் வைக்கும் சொல் இரண்டு திசைகளையும் ஏற்கும்படி இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

வரிசை பிசகினால் விளைவு கடுமையானது. 50 ஓம் சுமைக்குள் 1500 வாட் செல்லும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 274 வோல்ட், மின்னோட்டம் ஏறத்தாழ 5.5 ஆம்பியர்; உச்ச மின்னழுத்தம் 387 வோல்ட். நிலையலை விகிதம் (ஆண்டெனா கம்பித்தடத்தோடு எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு; முழுப் பொருத்தத்தில் 1) 3 ஆக இருந்தால், அதே ஆற்றலுக்குக் கம்பித்தடத்தின் மோசமான இடத்தில் மின்னழுத்தம் 474 வோல்ட்டாக உயரும். இந்நிலையில் தொடுமுனை விலகினால் அங்கே மின்பொறி எழுந்து உலோகத்தை அரிக்கும். வெளியீட்டு இணைப்பு அமர்வதற்கு முன்பே ஆற்றல் வந்துவிட்டால், சுமையில்லாத ஒத்திசைவுச் சுற்றில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி, அலைவரிசை மாற்றும் திருகியிலோ மின்தேக்கியின் தகடுகளுக்கிடையிலோ பொறி பாயும்.

ஆங்கிலத்தில் இந்தப் பிழையைச் ‘சூடு’ என்ற அடைமொழியால் குறிக்கிறார்கள். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து ‘சூடான மாற்றம்’ என்று எழுதினால், படிப்பவர் வெப்பநிலையைத்தான் நினைப்பார். இங்கே பொருள், ஆற்றல் பாய்ந்துகொண்டிருக்கும்போதே இணைப்பை மாற்றுவது. ‘சுமைநிலைத் தடமாற்றம்’ என்றால் பொருள் நேரே விளங்கும்.

இனி ‘வழிமாற்றி’ பற்றி. மூன்றில் இதுவே கருத்தளவில் மிக நெருக்கமானது. இதை முன்வைத்தவர் சரியான திசையில்தான் யோசித்திருக்கிறார். ஆனால் தமிழ்க் கணிமையில் ‘வழிமாற்று’ என்பது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தானாகக் கொண்டுசெல்வதைக் குறித்து ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ‘தடம்’ என்ற சொல்லுக்கு வேறொரு வலுவும் உண்டு. தொடர்வண்டி நிலையத்தில் வண்டி வருவதற்கு முன்பே இருப்புப் பாதையின் தடம் மாற்றப்பட்டுப் பூட்டப்பட வேண்டும். வண்டி மேலே ஓடும்போது தடம் அசைந்தால் விபத்து. பெருக்கியின் விதியும் இதுதான் என்பதால், ‘தடமாற்றம்’ என்ற சொல்லே கையாளும் முறையை ஓரளவு உணர்த்திவிடுகிறது.

முன்னொட்டைப் பொறுத்தவரை ‘அலைபரப்பு’ வேண்டாம் என்பேன். ‘பரப்பு’ என்பது ஒலிபரப்பு, ஒளிபரப்பு ஆகியவற்றின் வழியாக, பொதுமக்களை நோக்கிய ஒருவழிச் செயலாகவே நம் மனத்தில் பதிந்துள்ளது. அமெச்சூர் நிலையங்களோ ஒன்றோடொன்று உரையாடுவதற்கானவை. ஒலிபரப்பு அவற்றின் வேலையன்று. ‘அனுப்பல்–பெறல்’ என்பது கொடுக்கல்வாங்கல் போலத் தமிழில் இயல்பாக விழும் இணை. வரைபடத்தில் ‘அ/பெ’ என்று சுருக்கவும் தோதானது.

தடமாற்றம் என்ற செயலைச் செய்யும் உறுப்பு ‘தடமாற்றி’. அது ரிலேவாகவும் (மின்காந்தத்தால் தொடுமுனையை அசைக்கும் உறுப்பு) இருக்கலாம், பின் டையோடாகவும் (PIN diode என்ற குறைக்கடத்தி உறுப்பு) இருக்கலாம். ஒரே சொல் இரண்டையும் தாங்குவது இங்கே மிகவும் முக்கியம். ஏனெனில் காந்தச்சுருளால் அசையும் திறந்தவகை ரிலேக்கள் அமர்வதற்குப் பொதுவாக 10 முதல் 20 மில்லிநொடி ஆகும். வெற்றிட ரிலேக்களுக்குச் சில மில்லிநொடிகள் போதும். பின் டையோடுகளோ மைக்ரோநொடி அளவில் மாறும். பின் டையோடில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. முன்னோக்குச் சார்பில் மின்னோட்டம் கொடுத்தால் வானொலி அலையைக் கடத்தும், உயர் ஆற்றலில் அதைத் தடுக்கச் சில நூறு வோல்ட் பின்னோக்குச் சார்பு தேவைப்படும். ‘தொடுமுனை மாற்றி’ என்பது போன்ற ஒரு சொல்லை வைத்திருந்தால் இதற்குப் பொருந்தாமல் போயிருக்கும்.

மேற்சொன்ன கால அளவுகள் மோர்ஸ் அனுப்புவோருக்கு மிக அணுக்கமானவை. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லிநொடி. 30 சொல் வேகத்தில் 40 மில்லிநொடி. ஒவ்வொரு குறிக்கும் தடம் மாறும் ஏற்பாட்டில், அமர 15 மில்லிநொடி எடுக்கும் ரிலேவை வைத்தால், 40 மில்லிநொடிப் புள்ளியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டுப்படும், அல்லது சுமைநிலைத் தடமாற்றம் நேரும். இதற்காகவே பல கருவிகள், பெருக்கிக்குக் கட்டளை அனுப்பிய பின் சில மில்லிநொடிகள் காத்திருந்து ஆற்றலை வெளிவிடுகின்றன; இந்தக் காத்திருப்பைத் ‘தடமாற்று இடைவெளி’ எனலாம். அந்த இடைவெளி பெருக்கியிலுள்ள மிக மெதுவான தடமாற்றியின் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லகராதி விளக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வருவோர் பெரும்பாலும் வாசிப்பது அந்த ஒரு வரியைத்தான்.

மோர்ஸ் குறிகளுக்கு இடையிலேயே மறுமுனையைக் கேட்கும் முறைக்கு ‘குறுக்கீடு’ என்ற சொல்லை ஒருவர் தந்திருந்தார். அது வேண்டாத சமிக்ஞைகளின் தொல்லைக்கு ஏற்கெனவே பயன்படுவதால் குழப்பும். ‘என் குறிகளுக்கு இடையே உங்களைக் கேட்க முடிகிறது’ என்பதே க்யூ.எஸ்.கே. என்ற பன்னாட்டுக் குறியீட்டின் பொருள். ஆகவே ‘இடைகேட்பு’ என்று வைக்கலாம். குறிக்குக் குறி தடம் மாறினால் ‘முழு இடைகேட்பு’. சொற்களின் முடிவில் சற்றுத் தாமதித்து மாறினால் ‘அரை இடைகேட்பு’.

மற்றவை விரைவாக: பெருக்கியைத் தவிர்த்துச் செல்லும் பாதைக்குப் ‘புறவழி’ போதும், சாலைகளுக்கு வழங்கும் சொல்லே இங்கும் எவருக்கும் விளங்கும். செயல்களின் ஒழுங்குக்குத் ‘தடமாற்று முறைவரிசை’. ஆண்டெனாக் கம்பத்தின் உச்சியில் முன்பெருக்கி (பெறும் மெல்லிய சமிக்ஞையை உயர்த்தும் சிறு பெருக்கி) வைப்போர் பயன்படுத்தும் தனிச் சுற்றுக்கு ‘முறைவரிசைக் கட்டுப்படுத்தி’. அந்த முன்பெருக்கி சுற்றிலிருந்து விலகும் முன் ஆற்றல் வந்தால் அது உடனே பழுதாகும் என்பதால், மிக உயர் அதிர்வெண் நிலையங்களில் இதற்கு முதன்மை இடம் உண்டு.

எனக்குத் தெளிவு கிட்டாத ஒன்று எஞ்சியுள்ளது. கருவியிலிருந்து பெருக்கிக்குச் செல்லும், தரையோடு இணைந்தவுடன் பெருக்கியை அனுப்பும் நிலைக்குக் கொண்டுவரும் அந்த ஒற்றைக் கம்பியை என்னவென்று அழைப்பது? ‘விசைக் கம்பி’ என்றால் மோர்ஸ் விசையின் கம்பியோடு குழம்புகிறது. ‘கட்டளைக் கம்பி’ பொருந்துகிறது, ஆனால் எல்லாக் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கும் பொதுவாக ஒலிக்கிறது. பழைய குழாய்ப் பெருக்கிகள் சிலவற்றில் இந்தக் கம்பியிலேயே 100 வோல்ட்டுக்கு மேல் நிற்பதுண்டு. இன்றைய கருவிகளின் டிரான்சிஸ்டர் வெளியீடு அதைத் தாங்காமல் எரிந்துபோகலாம். எனவே கையேட்டில் எச்சரிக்கையோடு வரவேண்டிய சொல் இது. ‘தடமாற்றுக் கட்டளைக் கம்பி’ என்பதைவிடச் சுருக்கமான ஒன்று தோன்றினால் எழுதுங்கள். அதுவரை வரைவில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைக்கிறேன்.