ஃபாரத்தோடு ஊருக்கு வந்தவர்கள்

நாங்கள் இருளர், பழங்குடிகள். எங்கள் குடியிருப்பு திண்டிவனம் பக்கம். ஆய்வு மாணவர்கள் வராத வருஷமே கிடையாது. நல்ல பிள்ளைகள்தான், குழந்தைகளுக்கு பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் கேள்வித்தாளைத் திறந்தால் இரண்டாவது பக்கத்துக்குள் பாம்பு வந்துவிடும். பாம்பு பிடிப்பீர்களா, எலி பிடிப்பீர்களா, உங்கள் தெய்வம் கன்னிமாருக்கு எப்படிப் படைப்பீர்கள், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போவீர்களா. தாத்தாவிடம் கேட்டால் ராத்திரி முழுக்கச் சொல்வார். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது செங்கல் சூளையும் மரம் வெட்டுவதும்தான், எனக்குப் பாம்பு என்றாலே பயம்.

சாதிச் சான்றிதழுக்கு அலைய ஆரம்பிக்கும்வரை இது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. எஸ்.டி. (பழங்குடி) சான்று தாசில்தார் கையில் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தர வேண்டும். அப்பாவுக்குச் சான்று கிடையாது, தாத்தா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை, எந்தக் காகிதத்தைக் காட்டுவது? விசாரிக்க வந்தவர் என் பேன்ட் சட்டையைப் பார்த்துவிட்டு, "பார்த்தா இருளர் மாதிரியே தெரியலையே, எலி பிடிக்கத் தெரியுமா?" என்றார். பிஸ்கட் கொண்டுவந்த பிள்ளைகள் கேட்ட அதே கேள்வி.

*

தம்பி, நான் சூளைகளில் கணக்கெடுப்பு வேலை பார்த்தவள், திருவள்ளூர் பக்கம். எங்களுக்குக் கொடுத்த ஃபாரத்தில் 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம். கல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிரவே இல்லை, அச்சில் மண்ணை அழுத்தியபடியே "எந்த மாசம்?" என்று கேட்டார். சீசனுக்கு முன்னாலேயே அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, அது புருஷன் பேரில் எழுதப்படும், பெண்டாட்டியும் பிள்ளைகளும் அறுத்த கல் தனியாகக் கணக்கில் வராது. வாரச் செலவுக்குக் கொடுக்கிற காசைக் கழித்துக் கடைசியில் பார்த்தால் பாக்கி இவர்கள் தலையில்தான் நிற்கும், அடுத்த சீசனுக்கும் அங்கேயே வரவேண்டும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, அட்வான்ஸுக்கு ஈடாக ஆளைப் பிடித்துவைப்பது குற்றம். ஆனால் அட்வான்ஸ் எவ்வளவு, கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது, நடுவில் ஊருக்குப் போக விடுவார்களா என்று கேட்க அந்த ஃபாரத்தில் ஒரு வரிகூட இல்லை. 'அதிகாரமளித்தல்' பற்றி மட்டும் முழுசாக ஒரு பக்கம். ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் நானே எழுதிக்கொண்டு வந்தேன்.

*

நானும் இருளர் பற்றித்தான் பிஎச்.டி. செய்கிறேன், அந்த எலிக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில், போலிச் சான்றுகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறை வகுத்தது. பழங்குடி என்று சொல்பவரின் தெய்வம், சடங்கு, கல்யாண முறை, சாவு முறை எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். நோக்கம் சரி. ஆனால் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? 1909-ல் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிப் போட்ட ஏழு தொகுதிகள் மாதிரியான பழைய புத்தகங்கள்தான் இருக்கின்றன. நம் ஆய்வேடுகளும் முதல் அத்தியாயத்தில் அதையே எடுத்து எழுதுகின்றன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வியாபாரமும் நின்றுபோன பிறகு பாம்பு பிடிக்கிற தொழிலில் சட்டப்படி நிற்க முடிந்தது, விஷம் எடுப்பதற்காக 1978-ல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி ஓரிடத்தில்தான். அங்கேயும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி வர வேண்டும். அங்கே இருக்கிற சில நூறு பேரைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு எல்லா இருளரும் அப்படித்தான் என்று எழுதுவதில் என் துறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

தம்பிக்கு உபயோகமாக ஒன்று. 2023-ல் உச்ச நீதிமன்றமே, இந்தப் பண்பாட்டு ஒப்பீடு மட்டும் முடிவான உரைகல் ஆகாது என்று ஒரு மகாராஷ்டிர வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனுவோடு அதையும் குறிப்பிட்டுக் கொடுங்கள். திண்டிவனத்திலேயே பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது, சான்றிதழ் விஷயத்தில் அவர்களுக்கு நல்ல அனுபவம். வாயால் மட்டும் 'இல்லை' என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.