புதுப்பிப்பு: இரண்டாவது கிட்டார் பிந்திப் பதிவாகும் சிக்கல் தீர்ந்தது

களியக்காவிளை வீட்டுப் பதிவில், முதல் கிட்டாருக்கு மேல் வாசித்த இரண்டாவது டிராக் எப்போதும் ஒரே அளவு பிந்தி விழுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம், டிரைவர் (ஒலிப்பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) தன் தாமதத்தைக் குறைத்துச் சொல்வதுதான்; பதிவு மென்பொருள் அந்தக் கணக்கை நம்பித்தான் டிராக்கை முன்னே நகர்த்தி வைக்கிறது.

பஃபரை (கணினி ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைக்கும் இடம்) குறைத்தால் போதாதா என்று பாறசாலை அண்ணன் கேட்டிருந்தார். போதாது. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளி) என்ற வேகத்தில், 256 சாம்பிள் பஃபர் 5.3 மில்லிசெகண்ட், 128 என்றால் 2.7. அது காதில் கேட்கும் தாமதத்தைக் குறைக்கும். டிராக் எங்கே போய் விழுகிறது என்பது வேறு விஷயம்.

அதை அளக்க, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு ஒரு கேபிள் போடுங்கள். மைக்குக்கான 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் அணைந்திருக்கட்டும். பதியும் டிராக்கின் மானிட்டரிங்கும் (உள்ளே வரும் ஒலியை உடனே திருப்பி வெளியே விடுவது) அணைந்திருக்க வேண்டும், இல்லையேல் ஊளையிடும். கிளிக் ஒலியை ஓடவிட்டுப் பதிந்து, ஓடவிட்ட கிளிக், பதிந்த கிளிக் ஆகிய இரண்டு அலைகளின் தொடக்கத்தையும் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இங்கே 412 சாம்பிள் இடைவெளி, அதாவது 8.6 மில்லிசெகண்ட். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ரெக்கார்டிங் அமைப்பிலுள்ள மேனுவல் ஆஃப்செட்டில் அதை இட்டு மறுபடி பதியுங்கள். இடைவெளி 824 ஆகிவிட்டால் கூட்டல் கழித்தல் குறியை மாற்றினால் போதும்.

பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் மறுபடி அளந்தே ஆகவேண்டும்.

வாசிக்கும்போது மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் கடைசி டிராக்) லுக்அஹெட் லிமிட்டர் (ஒலியை முன்கூட்டியே பார்த்து உச்சத்தை அடக்கும் பிளகின்) வேண்டவே வேண்டாம், காதில் கேட்கும் தாமதத்தைக் கூட்டிவிடும். புளூடூத் ஹெட்ஃபோனும் அப்படித்தான்.