ஆபீஸ் டீமா சேத்துல ஓடற ரேஸுக்கு போறது சரியா?

சகதிப்பிரியன்: எங்க டீம்ல 12 பேரு சேந்து ஒரு மட் ரேஸ் போயிட்டு வந்தோம், 5 கிலோமீட்டர் தான், ஆனா முள்கம்பிக்கு அடியில ஊந்து போறது, வழுக்குற சரிவு, தலைக்கு மேல உசரமா சுவருன்னு வழி பூரா சேறு. சுவர்கிட்ட அக்கவுண்ட்ஸ் அக்கா ரெண்டு தடவ வழுக்கி விழுந்தாங்க, நான் மண்டி போட்டு என் தொடையில கால வைங்கன்னேன், மேல இருந்த பையன் மணிக்கட்ட புடிச்சு தூக்கிட்டான், ஒரு பில் தகராறுல மூணு மாசமா இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது! எல்லா ஆபீஸும் வருஷத்துக்கு ஒருதடவ போகணும்.

நிழல்மரம்: "எல்லா ஆபீஸும்"ங்கறது தான் எனக்கு ஒத்து வரல. எங்க மேனேஜரும் விருப்பம் இருந்தா வாங்கன்னு தான் வாட்ஸ்அப் குரூப்ல போட்டாரு. ஒவ்வொருத்தரா தம்ஸ்அப் போட போட, போடாத மூணு பேரு தனியா தெரிஞ்சோம். எனக்கு முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் ஆனது அங்க யாருக்கும் தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்ல. ஆனா எல்லார் முன்னாடியும் காரணம் சொல்ல வேண்டியதா போச்சு. இன்னிக்கு வரைக்கும் ஏதாவது வேலைன்னா "உங்களால முடியுமா"ன்னு கேக்கறாங்க.

சகதிப்பிரியன்: அது அந்த மேனேஜர் பண்ண தப்புங்க, ரேஸ் என்ன பண்ணும். 2010ல டஃப் மடர்ங்கற பேர்போன மட் ரேஸ் ஆரம்பிச்சதே டைம் போடாம, ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்து முடிக்கணும்னு தான். முடியாத தடைய விட்டுட்டு சுத்தி போகலாம்.

கடைசிமைல்: நான் ஆறு ரேஸ் ஓடினவன், போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா சுத்தி போறது எல்லா ரேஸ்லயும் ஒரே மாதிரி இல்ல, ஸ்பார்ட்டன்னு இன்னொரு ரேஸ்ல தடைய விட்டா 30 பர்ப்பி, அதாவது தரையில படுத்து எழுந்து குதிக்கற உடற்பயிற்சி, போடணும்ங்கறது தான் பேர்போன ரூலா இருந்துச்சு. அப்புறம் சேத்துத் தண்ணி. 2012 அக்டோபர்ல அமெரிக்காவோட நெவாடாவுல மாட்டுப் பண்ணை நிலத்துல நடந்த ரேஸ்ல 22 பேருக்கு கேம்பிலோபாக்டர் கிருமியால வயித்துப்போக்கு, சேத்துத் தண்ணிய முழுங்கினது தான் காரணம்னு விசாரிச்சதுல தெரிஞ்சுது. ஊரும்போது வாய இறுக்கி மூடுங்க, ஆறாத புண்ணோட இறங்காதீங்க. 2013ல மேற்கு வர்ஜினியாவுல உயரத்துல இருந்து தண்ணிக்குள்ள குதிக்கற தடையில மூழ்கினவர் இறந்தே போயிட்டாரு, அவரும் கூட வேலை பாக்கறவங்களோட டீமா வந்தவர் தான். நீச்சல் சரியா தெரியாதவங்கள தண்ணித் தடைக்கு "வாங்க பாத்துக்கலாம்"னு தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க.

நிழல்மரம்: அந்த "வாங்க பாத்துக்கலாம்"ன்ற வார்த்தைய சம்பளம் ஏத்தறவரே சொன்னா யாரு முடியாதும்பாங்க?

சகதிப்பிரியன்: இதப் படிச்சிட்டு அக்காகிட்டயே கேட்டேன், நிஜமாவே வர விருப்பம் இருந்துச்சான்னு. கொஞ்சம் யோசிச்சிட்டு, "கெளம்பும்போது இல்லப்பா, சுவர தாண்டினப்புறம் தான் வந்துச்சு"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அடுத்த தடவ பேரு குரூப்ல கேக்க மாட்டேன், டீம்ல இல்லாத ஒருத்தர்கிட்ட தனியா குடுக்கட்டும். ஆனா போறத நிறுத்த மாட்டேன்.

நிழல்மரம்: அப்படின்னா எனக்கு சண்டையே இல்ல. ஒன்னே ஒன்னு, வராதவங்கள துண்டு புடிக்க, போட்டோ எடுக்கன்னு கரையில நிக்க வைக்காதீங்க, அதுவும் காட்டிக் குடுக்கறது தான்.