மழைக்காலத்துல வாட்டர்கலர் பேப்பர் கெட்டுப்போவுது, வழி சொல்லுங்க மக்களே

வணக்கம், நான் குளச்சல் பக்கம், வேலை முடிஞ்ச நேரத்துல வரையுற ஆளு. மொதல்ல ஸ்கெட்ச்புக்ல பென்சில் மட்டுந்தான், அப்புறம் வாட்டர்ப்ரூஃப் பேனால கோடு போட்டு மேல லேசா வாஷ் (தண்ணி நெறைய கலந்த கலர் பூச்சு), இப்போ கோடே இல்லாம நேரா பிரஷ்ஷ வச்சு போட்டுப் பாக்குறேன், மாத்தூர் தொட்டிப்பாலத்து தூணு எல்லாம் வெறும் நெழல் கலர்லயே எழும்பி வருது, அதப் பாக்குற சந்தோஷம் தனி.

பிரச்சனை பேப்பர்தான். 300 ஜிஎஸ்எம் கனமான தாள், முழு காட்டன், கோல்ட் பிரஸ் (லேசா சொரசொரப்பா இருக்கும்), வெலையும் ஜாஸ்தி. நமக்கு ஜூன்லயும் மழை ஐப்பசிலயும் மழை, கூட கடக்காத்து வேற. வானத்துக்கு வாஷ் இழுத்தா கலர் மேல நிக்காம அங்கங்க பொட்டு பொட்டா உள்ள இறங்கி கருத்த புள்ளியா தெரியுது. ஈரத்துல சைசிங் (தாள் தண்ணிய டக்குனு உறிஞ்சாம இருக்க போடுற பசை) போயிட்டுன்னு நெனைக்கேன், ஏன்னா கூடவே வாங்கி கவர் பிரிக்காம வச்ச பேட் நல்லாத்தான் இருக்கு.

காத்து போகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வச்சா போதுமா, எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தணும்? கெட்ட தாள்ல ஜெலட்டின் கரைச்சு தடவி திரும்ப சரி பண்ணினவங்க யாராவது உண்டா? பென்சிலுக்கும் கரிக்கும் அந்தத் தாள் ஆவும், ஆனா தூக்கிப் போட மனசே வரல. அப்புறம் நாகர்கோவில், மார்த்தாண்டத்துல காட்டன் பேப்பர் ஒத்தத் தாளா தர்ற கடை தெரிஞ்சா கண்டிப்பா சொல்லுங்க, கடலோரத்துல இருந்து வரையுறவங்க எப்படி வச்சிருக்கீங்கன்னும் சொல்லுங்க.