காவலர் தேர்வு வழக்குகள்: பட்டியல் முழுவதையும் நிறுத்துவது சரியா?

மாறன்:
காவலர், உதவி ஆய்வாளர் பணிகளுக்கான தற்காலிகத் தேர்வுப் பட்டியல் வெளியானதும் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனுக்கள் தாக்கலாவது வாடிக்கையாகிவிட்டது. இறுதி விடைக்குறிப்பில் ஒரு விடை தவறு என்பார் ஒருவர். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கணக்கிட்ட முறை தவறு என்பார் இன்னொருவர். எழுத்துத் தேர்வு, 1,500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், சான்றிதழ் சரிபார்ப்பு ஆகிய அனைத்தையும் கடந்து வந்தவர்களோ, தாங்கள் தரப்பினராகவே இல்லாத ஒரு வழக்கின் அடுத்த விசாரணைத் தேதியைப் பார்த்துக்கொண்டு இருக்க நேர்கிறது. சிலருடைய குறைக்காகப் பட்டியல் முழுவதற்கும் இடைக்காலத் தடை வழங்கக் கூடாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் காட்டி மறுக்க வேண்டுகிறேன்.

பொன்னி:
மாறன் அவர்களே, தாமதத்தை நீதிமன்ற வாசலிலிருந்து எண்ணத் தொடங்குகிறீர்கள். நான் பட்டியல் தயாரித்த மேசையிலிருந்து எண்ணுகிறேன். உத்தரப் பிரதேசத்தில் 2013இல் தொடங்கிய காவலர் தேர்வில், பொதுப் பிரிவில் கடைசியாகத் தேர்வான பெண்ணைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்ற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்கள், அந்த இடங்கள் தங்களுக்கு உரியவை அல்ல என்று சொல்லி விலக்கப்பட்டார்கள். பொதுப் பிரிவு எந்த வகுப்புக்கும் தனியே ஒதுக்கப்பட்டது அன்று, தகுதி மதிப்பெண் உள்ள எவரும் அதில் இடம் பெறலாம் என்று சௌரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது. அந்தப் பெண்கள் வழக்காடாமல் இருந்திருந்தால் தேர்வு விரைவாக முடிந்திருக்கும் என்பது உண்மைதான், தவறாகவும் முடிந்திருக்கும்.

மாறன்:
நீங்கள் காட்டிய தீர்ப்பே எனக்குச் சான்று. கூடுதல் மதிப்பெண் பெற்ற அந்தப் பெண்களுக்குப் பணி வழங்க வேண்டும் என்று ஆணையிட்ட நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் சேர்ந்த எவரையும் வெளியேற்றவில்லை. பட்டியலை முடக்காமலே குறை தீர்க்க வழி உண்டு என்பதைத்தானே அது காட்டுகிறது? விடைக்குறிப்பு வழக்குகளைப் பொறுத்தவரை, ரண் விஜய் சிங் வழக்கில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டுகிறேன்: விடைக்குறிப்பு சரியானது என்றே கொள்ள வேண்டும், ஐயம் எழுந்தால் அதன் பயன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே போக வேண்டும். 2009இல் அறிவிக்கப்பட்ட ஆசிரியர் தேர்வு எட்டு ஆண்டுகளாகியும் முடியாத நிலையை அந்தத் தீர்ப்பே வருத்தத்துடன் பதிவு செய்திருக்கிறது.

சேரலாதன்:
பணி தொடர்பான வழக்குகளில் பழக்கமுள்ளவன் என்ற முறையில் சில செய்திகள். பட்டியலில் பெயர் வந்துவிட்டதாலேயே பணி நியமனத்துக்கு மறுக்கவியலாத உரிமை பிறந்துவிடாது என்று சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991இலேயே ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்துவிட்டது. (அதுவும் காவல் பணி தொடர்பான வழக்குதான்.) ஆனால் காலியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு அரசு தன்போக்கில் காரணம் கற்பிக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

நண்பர் மாறன் கவனிக்கத் தவறுவது வேறொன்று. மனுதாரர் பத்துப் பேர் என்பதால் பிரச்சினையும் பத்து இடங்களோடு நின்றுவிடும் என்று அவர் கருதுகிறார். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடங்கள் வகுப்புவாரி ஒதுக்கீட்டில் அமைகின்றன. அந்த வகுப்பு ஒவ்வொன்றுக்குள்ளும், பொதுப் பிரிவுக்குள்ளும், பெண்களுக்கும் தமிழ்வழியில் படித்தோருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் தனித்தனி உள் ஒதுக்கீடு இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை மதிப்பெண் அடிப்படையில் பொதுப் பிரிவுக்கு மாற்றினால், பொதுப் பிரிவின் கடைசி ஆள் வெளியேற வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓரிடம் காலியாகி, அதில் அடுத்தவர் நுழைய வேண்டும். அப்படி நுழைபவர் பெண்ணா, தமிழ்வழியில் படித்தவரா என்பதைப் பொறுத்து அந்த உள் ஒதுக்கீட்டின் எண்ணிக்கையும் மாறும். கணக்கிடும் முறையே தவறு என்னும்போது யாருடைய இடம் பாதுகாப்பானது என்று நீதிபதியால் முன்கூட்டிச் சொல்ல இயலாது. முழுத் தடை அங்கிருந்துதான் வருகிறது. தனி ஒருவரின் உயர அளவீடு பற்றியோ, குற்ற வழக்கை மறைத்தது பற்றியோ வரும் மனுக்களுக்கு முழுத் தடை தேவையே இல்லை என்பதில் மாறனோடு உடன்படுகிறேன்.

பொன்னி:
முறைகேடு பட்டியல் முழுவதையும் தொட்டுவிட்டால் சிலரை மட்டும் பிரித்தெடுப்பதும் கடினம். கர்நாடகத்தில் 545 உதவி ஆய்வாளர் பணிகளுக்கான தேர்வை அரசே ரத்து செய்தது. மறுதேர்வு நடத்துவது என்ற அரசின் முடிவை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் உறுதி செய்தது. மறுதேர்வு நடந்தது 2024 ஜனவரியில். நேர்மையாக எழுதியவர்களும் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று என்பதை நான் மறுக்கவில்லை.

மாறன்:
அந்த நேர்மையானவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். வயது வரம்பு அறிவிக்கையில் குறித்த நாளை வைத்தே கணக்கிடப்படுவதால் நடப்புத் தேர்வில் அவர்களுக்கு இழப்பில்லை என்பார்கள். ஆனால் பணிக்காலம், ஊதிய உயர்வு, பணிமூப்பு ஆகியவை பணியில் சேர்ந்த பிறகே நகரத் தொடங்குகின்றன. ஓய்வூதியத்தையும் பாருங்கள். புதிய ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்ட 2003 டிசம்பர் 22க்கு முன் விளம்பரம் செய்யப்பட்ட பணியிடங்களில், நியமனம் தள்ளிப்போய்ப் புதிய திட்டத்துக்குள் விழுந்த மத்திய அரசு ஊழியர்களுக்குப் பழைய திட்டத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு 2023 மார்ச்சில்தான் வந்தது. தாமதத்தின் விலை பணிக்காலம் முழுவதும் கூடவே வருகிறது. ஆகவே, வழக்கின் இறுதி முடிவுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையுடன் நியமன ஆணை வழங்கிப் பயிற்சிக்கு அனுப்பலாமே?

சேரலாதன்:
அத்தகைய நிபந்தனை ஆணைகள் நடைமுறையில் இருப்பவைதான். ஆனால் பயிற்சி முடித்துச் சீருடை அணிந்தவரை வெளியே அனுப்ப நீதிமன்றம் தயங்கும். அந்தத் தயக்கமே மனுதாரரின் வெற்றியை வெறும் காகிதமாக்கிவிடக் கூடும். பட்டியலில் உள்ளவர்கள் வேடிக்கை பார்க்காமல், வழக்கில் தங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கக் கோரி மனுத் தாக்கல் செய்வதே பயன் தரும். தங்களைப் பாதிக்கும் ஆணைக்கு முன் தங்கள் தரப்பைக் கேட்கும்படி கோர அவர்களுக்கு உரிமை உண்டு.

பொன்னி:
தற்காலிகப் பட்டியலோடு ஒவ்வொரு பிரிவிலும் தேர்வான அனைவரின் மதிப்பெண்ணையும், எந்த இடத்தில் எந்த அடிப்படையில் அவர் வைக்கப்பட்டார் என்பதையும் வெளியிட்டு, நியமன ஆணைக்கு முன்பே ஆட்சேபம் கேட்கட்டும். அதைச் செய்தால் நீங்கள் கேட்கும் நிபந்தனை நியமனத்தை நானும் ஏற்கிறேன், மாறன் அவர்களே.

மாறன்:
மதிப்பெண் வெளியீட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆட்சேபக் காலம் முடிந்த பிறகு வரும் மனுவைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்ய நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? அதற்கும் விடை சொல்ல வேண்டுகிறேன்.