சேர ஒரு தட்டு, விலக ஏழு பக்கம்

படங்களைச் சேமித்து வைக்கும் செயலி ஒன்றில் ஏழு நாள் இலவசம் என்று போட்டிருந்தது. அட்டை எண்ணைக் கொடுத்து ஒரே தட்டில் சேர்ந்துவிட்டேன். ஐந்தாம் நாள் வேண்டாம் என்று விலகப் போனால் அதற்கான பொத்தானையே காணோம். அமைப்புகள், கணக்கு, திட்டம் என்று துழாவி, கடைசியில் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகக் கண்டுபிடித்தேன்.

தட்டியதும் பளிச்சென்று பச்சையில் 'தொடர்கிறேன்' என்று வந்தது. அதன் கீழே சின்னதாக, 'வேண்டாம், என் நினைவுகள் போனாலும் பரவாயில்லை'. அம்மாவின் பழைய படங்கள் அதில்தான் இருந்தன. விரல் அப்படியே நின்றுவிட்டது. இதை யோசித்து எழுதிய ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அப்புறம் காரணம் கேட்டார்கள், பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள். ஏழாவது பக்கத்தில் 'கோரிக்கை பெறப்பட்டது' என்று முடிந்தது. ரத்தாகிவிட்டது என்று எங்குமே இல்லை. எட்டாம் நாள் ஓராண்டுக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

நல்லவேளை, ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். உதவி அரட்டையில் ஆளுக்குப் பதிலாக வந்த பாட் (தானியங்கி நிரல்) ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னது. மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்களோடு வங்கியில் சார்ஜ்பேக் (அட்டையில் எடுத்த பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டேன், மூன்று வாரத்தில் பணம் வந்தது. அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மாதிரி வடிவமைப்புக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் வடிவமைப்பாளர் பெயர் வைத்தார். அதைப் படிக்கும்வரை என் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தேன். நேரில் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பைவிட இணையத்தில் வாங்குபவருக்குக் குறையக் கூடாது என்று ஐநாவின் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் 2015-லேயே சேர்த்துவிட்டார்கள். சேர ஒரு தட்டு போதுமென்றால் விலகவும் ஒரு தட்டு போதும் என்று கேட்பதில் என்ன தப்பு?

*

மேலே நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு வாசகனாக, உங்கள் அனுபவத்தோடு என்னுடையதும் ஒன்று. செயலியை போனிலிருந்து நீக்கினாலே சந்தா நின்றுவிடும் என்று அப்பா நம்பிவிட்டார். நான்கு மாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது. சின்னத் தொகை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. போனின் செயலிக் கடை வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கே 'சந்தாக்கள்' பகுதியில் போய்த்தான் நிறுத்த வேண்டும். அப்பாவையே அதைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பட்டியலில் அவருக்கே நினைவில்லாத இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது.