நிறுத்தி வைத்த டிரெய்லரில் பேட்டரி இறங்கிவிடுகிறது

மினசோட்டாவிலிருந்து கேள்வி:

வணக்கம். எங்களிடம் 24 அடி டிராவல் டிரெய்லர் (வண்டியில் கோத்து இழுத்துப்போகும் பயண வீடு) இருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தக் குடியிருப்புச் சங்கம் விடுவதில்லை, அதனால் ஊருக்கு வெளியே மாத வாடகைக்கு ஓர் இடம் பிடித்திருக்கிறோம். அங்கே கரண்ட் கிடையாது. பேட்டரி 12 வோல்ட் லெட் ஆசிட், 80 ஆம்பியர் அவர். விளக்கு, ஃபிரிட்ஜ், பம்ப் எல்லாவற்றையும் அணைத்து, கதவோரம் இருக்கும் பேட்டரி சுவிட்சையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். ஆனாலும் மூன்று வாரம் கழித்துப் போனால் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி இறக்கும் மின் ஜாக்கிகூட அசையவில்லை. பேட்டரி புதியது, கடையில் சோதித்தும் பார்த்தாயிற்று. குளிர்காலம் வேறு வருகிறது. என்ன செய்யலாம்?

மிச்சிகனிலிருந்து பதில்:

தம்பி, அந்தச் சுவிட்சை முழுசாக நம்ப வேண்டாம். பல டிரெய்லர்களில் கேஸ் கசிவைக் காட்டும் டிடெக்டரும், ரேடியோவின் நினைவுக்கான ஒயரும் அந்தச் சுவிட்சுக்குள் வராமல் நேராகப் பேட்டரிக்கே போகும். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சும் அப்படித்தான், அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அந்தப் பிரேக்அவே சுவிட்சில் செருகியிருக்கும் பின் (pin) சரியாக உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின் கழன்றிருந்தால் பிரேக் காந்தங்கள் சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி ஒரே நாளில் காலி.

அடுத்து ஒரு மல்டிமீட்டர். 10 ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அந்த நேரத்தில் ஜாக்கியையோ ஸ்லைடையோ (வெளியே நீளும் அறைப்பகுதி) இயக்கவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எண்ணைக் குறித்துக்கொண்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் குறைகிறதோ, திருடன் அங்கே இருக்கிறான்.

குளிர்காலத்துக்கு என் பதில் ஒன்றுதான்: பேட்டரியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். முழு சார்ஜில், ஓய்வில், 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும் பேட்டரி உங்கள் ஊர் குளிரிலும் உறையாது. அடியோடு இறங்கியது 20 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கிலேயே உறைந்து ஓடு வெடிக்கலாம். 12.2 என்றால் பாதிதான் மிச்சம், அதற்குக் கீழே விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு முழு கொள்ளளவும் திரும்பாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வீட்டில், பேட்டரி நிரம்பியதும் தானாக நின்று, இறங்கினால் மீண்டும் தொடரும் சிறிய சார்ஜர் ஒன்று போதும். மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பாருங்கள்.

அரிசோனாவிலிருந்து பதில்:

எங்கள் பக்கம் உறையும் கவலை இல்லை, வெயில்தான் பிரச்சினை. சூட்டில் லெட் ஆசிட் சும்மா இருந்தாலே வேகமாக இறங்கும். நான் கூரையில் சின்ன சோலார் பேனலும், அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் போட்டிருக்கிறேன். கன்ட்ரோலரின் ஒயர் சுவிட்சுக்குப் பேட்டரி இருக்கும் பக்கத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் சுவிட்சை அணைத்ததும் சோலாரும் துண்டிக்கப்படும். மினசோட்டாவில் பேனலைப் பனி மூடிவிடும், அதனால் அண்ணா சொன்னதுதான் உங்களுக்கு வழி. லித்தியம் பேட்டரிக்கு மாறும் யோசனை இருந்தால், அதை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பது நினைவில் இருக்கட்டும்.

மினசோட்டாவிலிருந்து மீண்டும்:

இன்று அளந்தேன். எல்லாம் ஆஃப், ஆனாலும் 0.16 ஆம்பியர்! கேஸ் டிடெக்டரின் ஃபியூஸை எடுத்ததும் 0.06 ஆனது, ரேடியோவுடையதை எடுத்ததும் பூஜ்யத்துக்குப் பக்கம். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 4 ஆம்பியர் அவர், மூன்று வாரத்தில் 80. கணக்கு அப்படியே பொருந்துகிறது. டிடெக்டரின் ஒயரை எடுத்துவிடலாமா?

மிச்சிகனிலிருந்து பதில்:

வேண்டவே வேண்டாம். உள்ளே தூங்கும் உயிர்களுக்கு அதுதான் காவல். இந்த இரண்டு ஃபியூஸ்களையும் உடனே திரும்பப் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே ஒரு கத்தி சுவிட்ச் (கத்திபோன்ற தகட்டைத் தூக்கினால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டுங்கள், விலை அதிகமில்லை. நிறுத்தும்போது அதைத் திறந்தால் எல்லாம் ஒரேயடியாக நிற்கும், மூடினால் டிடெக்டர் தானாக உயிர்பெறும். ஆனால் வண்டியில் கோக்கும் முன் அதை மூடியே ஆக வேண்டும். திறந்திருந்தால் பிரேக்அவேக்கு மின்சாரம் இல்லை, டிரெய்லர் சாலையில் கழன்றால் பிரேக் பிடிக்காது.